நீதிபதிகளுக்குப் பயிற்றுநர் தேடும் வேலையில் சேரப் போகிறவர்களுக்கு

நீதிபதிகளுக்கும் வகுப்பு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தேர்வெழுதி வந்த சிவில் நீதிபதி நேராகப் போய் நீதிமன்றத்தில் உட்கார்ந்துவிட முடியாது. பெரிய மாநிலங்கள் ஒவ்வொன்றிலும் உயர் நீதிமன்றத்தின் கீழ் இதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தேசிய அளவில் போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி இருக்கிறது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்ற பகுதிதான் பெரிய செய்தியானது. நியமனம் பெற்றவர் வழக்கு விசாரிக்கத் தொடங்கும் முன் ஓராண்டுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சரி, அந்த ஓராண்டு யார் பாடம் எடுப்பது? இயக்குநர், துணை இயக்குநர் எல்லாம் அயல்பணியில், அதாவது நீதிமன்றத்திலிருந்து தற்காலிகமாக இங்கே அனுப்பப்பட்டு, வந்த நீதிபதிகள். அவர்கள் போக மற்றவர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள்: ஓய்வுபெற்ற நீதிபதிகள், சட்டப் பேராசிரியர்கள், தடயவியல் மருத்துவர்கள், சைபர் நிபுணர்கள், குழந்தைகளோடு பேசிப் பழகிய மனநல ஆலோசகர்கள். இவர்களைத் தேடி, விண்ணப்பம் வாங்கி, சரிபார்த்து, தேர்வுக்குழு முன் வைத்து, அழைத்து வந்து, பணம் கொடுத்து அனுப்பும் வேலையை ஒருவர் செய்ய வேண்டும். அந்த ஒருவராக நான் இருந்தேன்.

2023 கடைசியில் சேர்ந்தேன். பதினோரு மாத ஒப்பந்தம். எந்த மாநிலம் என்று எழுதவில்லை. மாநிலத்துக்கு ஒன்றுதான் என்பதால் சொன்னால் இடம் தெரிந்துவிடும். அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். அறிவிப்பில் இருந்தது "தட்டச்சு, கோப்புப் பராமரிப்பு, கணினி அறிவு" என்ற மூன்றே விஷயங்கள். எம்.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருந்த எனக்கு, நீதித்துறை வளாகத்தில் வேலை என்றதும் வீட்டில் அத்தனை பெருமை. சம்பளம் 18,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கைக்கு 16,000 சொச்சம். வெளியே வரும்போது வளையல் அடகில் இருந்தது, தூக்கம் கெட்டிருந்தது, என் சொந்தப் பணத்தில் 14,000 ரூபாய் கடைசிவரை திரும்பவே இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், உங்களுக்கு யார் உத்தரவு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். என் பணி ஆணை ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில் வந்தது. உட்காருவது பயிற்சி நிறுவனத்தில், மேலதிகாரி அங்கே உள்ள கண்காணிப்பாளர் மேடம், சம்பளம் போடுவது ஏஜென்சி. ஆணையில் பதவி "டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்" என்று இருந்தது. ஆனால் செய்தது முழுக்க முழுக்க ஆள்தேர்வு வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் எல்லாத் தொல்லையும் நுழைகிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே பணிப்பகிர்வு ஆணை ஒன்று கேளுங்கள். ஒரு பக்கம் போதும், உங்கள் பெயரும் நீங்கள் பார்க்கும் பிரிவும் வேலைகளும் அதில் இருந்தால் சரி. "அதெல்லாம் ரெகுலர் ஸ்டாஃபுக்குத்தான்" என்பார்கள். பரவாயில்லை, நீங்களே ஒரு குறிப்பு எழுதி, "மேற்படி பணிகளைக் கவனித்து வருகிறேன், தகவலுக்காக" என்று கோப்பில் வைத்து மேலே அனுப்புங்கள். பார்த்ததற்கு அடையாளமாக மேலதிகாரியின் ஒரு சுருக்கொப்பம் (இனிஷியல்) விழுந்தால் போதும். பின்னால் அதுதான் பேசும்.

நான் சேர்ந்த நேரம் அப்படி ஒரு நேரம். மூன்று புதிய குற்றவியல் சட்டங்களுக்கு 2023 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறை என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள். 511 பிரிவுகள் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டம் போய் 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் 531 பிரிவுகளோடு இன்னொன்று. சாட்சியச் சட்டமும் மாறியது. காலமெல்லாம் 302, 420 என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்கூடப் புதிதாகப் படிக்க வேண்டிய நிலை. பணியில் இருக்கும் நீதிபதிகள் எல்லோருக்கும் ஜூலைக்குள் வகுப்பு எடுத்தாக வேண்டும். அதே ஆட்களைத்தான் போலீஸ் பயிற்சிக் கல்லூரியும் தேடியது, அரசு வழக்கறிஞர்களுக்கான பயிற்சியும் தேடியது, வழக்கறிஞர் சங்கங்களும் தேடின. நாங்கள் புதிதாக ஒரு வருகைப் பயிற்றுநர் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று முடிவாகி, விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு போனது. நாளிதழில் ஒரு மூலையில், அப்புறம் உயர் நீதிமன்ற இணையதளத்தில்.

விண்ணப்பங்கள் மளமளவென்று வந்தன. ஆனால் யாரிடமிருந்து? பெரும்பாலும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகள், மூத்த வழக்கறிஞர்கள். எங்களுக்கு அப்போது அவசரமாக வேண்டியிருந்தது மின்னணுச் சாட்சியம் பற்றிப் பாடம் எடுக்கத் தெரிந்தவர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில், மின்னணுப் பதிவோடு கொடுக்க வேண்டிய சான்றிதழ் இரண்டு பகுதியாகிவிட்டது. ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும், ஹேஷ் மதிப்பு (மின்னணுக் கோப்புக்குக் கைரேகை மாதிரி கணக்கிட்டு எடுக்கும் எண்ணெழுத்துக் கோவை) எழுத வேண்டும். அது என்ன, எப்படி எடுப்பது, ஒரு எழுத்து மாறினால் என்ன அர்த்தம் என்று நீதிபதிக்குப் புரிந்திருக்க வேண்டும். அதேபோல் ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதற்கும் ஆள் வேண்டும். அந்தத் துறைக்காரர்களிடமிருந்து அனேகமாக ஒன்றுமே வரவில்லை. தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் உயர் நீதிமன்ற இணையதளத்தைத் தினமும் திறந்து பார்ப்பாரா? அறிவிப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை. கண்காணிப்பாளர் மேடத்திடம் சொல்லி, அரசு மருத்துவக் கல்லூரிகளின் தடயவியல் மருத்துவத் துறைத் தலைவர்களுக்கும், ஆய்வக இயக்குநருக்கும், சட்டப் பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்ட பிறகுதான் நல்ல ஆட்கள் வந்தார்கள். இந்த வேலைக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள். அறிவிப்பு வெளியான தேதியிலேயே அந்தக் கடிதங்களும் தபாலில் போக வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த படிவம் பழையது. பெயர், வயது, வகித்த பதவிகள், பெற்ற விருதுகள். வகுப்பு எடுத்திருக்கிறாரா என்று ஒரு கேள்விகூட இல்லை. எக்செல்லில் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, நீளத்தாளில் அச்செடுத்துத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பினேன். அதில் எல்லோரும் பெரிய மனிதர்களாகத் தெரிந்தார்கள். யார் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார் என்று அதில் கண்டுபிடிக்கவே முடியாது. துணை இயக்குநர் ஐயா இதைப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் அரைமணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லுங்க" என்றார். அந்த மாதிரி வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் தாள்களை வாங்கி வைப்பது என் வேலை.

அங்கே பார்த்த ஒன்றை மறக்கவே முடியாது. தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஒருவர், அம்மா வயது இருக்கும், வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பெயரெல்லாம் மறைத்த ஒரு காயச் சான்றிதழ் நகலை ஆளுக்கொன்று கொடுத்தார். அரசு மருத்துவமனையில் டாக்டர் கையால் நிரப்பிக் கொடுப்பார்களே, அந்தப் படிவம். "இதை எழுதின டாக்டர் இப்போ உங்க முன்னாடி கூண்டில் நிற்கிறார். கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை எழுதுங்க" என்றார். புதிய நீதிபதிகள் பத்து நிமிடம் தலையைக் குனிந்து எழுதினார்கள். பாதிப் பேர் "காயம் எப்படி ஏற்பட்டது" என்று எழுதியிருந்தார்கள். அவர் சான்றிதழில் ஒரு வரியைக் காட்டினார். காயத்தின் நீள அகலம் இருந்தது, ஆழம் எழுதவில்லை, விளிம்பு எப்படி இருந்தது என்றும் எழுதவில்லை. விளிம்பு தெரியாமல் அது கத்தியா, கல்லா, கீழே விழுந்ததா என்று எப்படிச் சொல்வது? "இந்த ஒரு வார்த்தை இல்லாததால் ஒருத்தர் ஜெயிலுக்குப் போகலாம், ஒருத்தர் தப்பிக்கலாம்" என்றார். அந்த அறையில் யாரும் அசையவில்லை. அவருக்கு முன் எடுத்தவர் பெரிய பதவியில் இருந்தவர். ஸ்லைடில் இருந்த பிரிவுகளை வரிக்கு வரி வாசித்து முடித்தார். மதிப்பெண் தாளில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்குத்தான் என் வேலை எதற்காக என்று எனக்கே முழுசாகப் புரிந்தது. இந்தப் பேராசிரியர் வராமல் போனால், அந்தக் கேள்வி கேட்கத் தெரியாத ஒருவர் ஒரு ஊரில் தீர்ப்பு எழுதுவார்.

அதனால் படிவத்தை மாற்றச் சொல்லிக் குறிப்பு எழுதினேன், ஒப்புக்கொண்டார்கள். எந்தத் தலைப்பு, இதற்கு முன் யாருக்கு எடுத்தீர்கள், வகுப்பில் பயன்படுத்தும் ஒரு பயிற்சித் தாள் இணைக்கவும் என்று மூன்று கேள்விகள் சேர்ந்தன. நீங்கள் போகும் இடத்தில் பழைய படிவம் இருந்தால் இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞர்களுக்கு மட்டும் இன்னொன்று: பயிற்சிக்கு வரும் நீதிபதிகளின் நீதிமன்றங்களில் தனக்கு நிலுவை வழக்கு இருக்கிறதா என்று எழுத்தில் ஓர் உறுதிமொழி. காலையில் பாடம் எடுத்தவர் மறுமாதம் அதே நீதிபதி முன் வாதாடினால் எதிர்த் தரப்பு என்ன நினைக்கும்? இது சின்ன விஷயம் இல்லை. சிபாரிசு போன்களும் வரும். "நம்ம ஆளு, லிஸ்ட்ல பார்த்துக்கோங்க" என்று யார் யாரோ பேசுவார்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் கை நடுங்கியிருக்கிறது. "விண்ணப்பத்தை மெயிலில் அனுப்பச் சொல்லுங்க சார், வரிசை எண் போட்டு வைத்துவிடுகிறேன்" என்பது மட்டும்தான் என் பதில். தேதி, நேரம், விஷயம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, வாரத்துக்கு ஒருமுறை மேடத்திடம் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அந்த நோட்டு இருப்பது தெரிந்ததும் போன்கள் குறைந்தன.

அடுத்தது அனுமதி. பணியில் இருக்கும் டாக்டர், போலீஸ் அதிகாரி, ஆய்வக அதிகாரி யாரும் தன்னிஷ்டத்துக்கு வந்து வகுப்பு எடுக்க முடியாது. அவர்கள் துறைத் தலைமைக்கு நம் நிறுவனத்திலிருந்து கடிதம் போய், அங்கிருந்து உத்தரவு வர வேண்டும். அது சும்மா வந்துவிடாது, வாரக்கணக்கில் இழுக்கும். 2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் போலீஸ் தரப்பிலிருந்து ஆள் கிடைப்பது அப்படியே நின்றுபோனது. எல்லோரும் பந்தோபஸ்தில். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடிந்து, ஜூலை 1க்குள் மிச்சமிருந்த நாட்களில் எல்லா வகுப்பையும் நெருக்கி வைத்தார்கள். எத்தனையோ முறை முந்தின நாள் மாலை போன் வரும், "நாளைக்கு வர முடியாது, மேலிடத்தில் விடவில்லை" என்று. வகுப்பறையில் நீதிபதிகள் காத்திருப்பார்கள், நான் போனும் கையுமாக வராந்தாவில் நடந்துகொண்டிருப்பேன். ஒவ்வொரு தலைப்புக்கும் உள்ளூரிலேயே இருக்கும் மாற்று ஆள் ஒருவரைப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். ஓய்வுபெற்றவராக இருந்தால் ரொம்ப நல்லது, அனுமதி தேவையில்லை.

இனி பணம். அந்த ஜூன் மாதம் வெளியூர்ப் பயிற்றுநர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அலுவலக வண்டி பழுது. விருந்தினர் விடுதி நிரம்பிவிட்டது. மேடம் நல்ல மனதோடுதான் சொன்னார், "இப்போ நீங்க கொடுத்துடுங்க, பில் போட்டு வாங்கிக்கலாம்." டாக்சி, அறை வாடகை, மதியச் சாப்பாடு, பயிற்சித் தாள் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் என் கையிலிருந்து. மொத்தம் 43,000 ரூபாய். என் சம்பளத்தை யோசித்துப் பாருங்கள். வளையலை அடகு வைத்தேன். வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் கவரிங் போட்டுக்கொண்டு திரிந்தேன். 29,000 திரும்பி வந்தது, அதுவும் நான் வேலையை விட்ட பிறகு. மிச்சம் 14,000 வரவில்லை. காரணங்கள் கோப்பில் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன: டாக்சி ஆப் ரசீது என் பெயரில் இருக்கிறது, பயிற்றுநர் பெயரில் இல்லை, தகுதிக்கு மேற்பட்ட அறை வாடகை, ஜெராக்ஸ் கடை ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. படித்தபோது அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்த வகுப்புகள் நடந்தன, நீதிபதிகள் படித்தார்கள், செலவழித்தவளுக்கு மட்டும் ரசீது சரியில்லை.

தற்காலிக முன்பணம் என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு பயிற்சி நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று நிரந்தர ஊழியர் ஒருவர் பெயரில் முன்கூட்டியே எடுத்து, பிறகு கணக்குக் காட்டலாம். இதை எனக்குச் சொன்னவர் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அண்ணன், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. ஒப்பந்த ஊழியர் பெயரில் முன்பணம் தர மாட்டார்கள், அதனால் நிரந்தர ஊழியர் பெயரில் எடுக்கச் சொல்லிப் பதினைந்து நாள் முன்பே குறிப்பு வையுங்கள். அது வராவிட்டால் வகுப்பு தள்ளிப்போகட்டும். உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மதிப்பூதியத்தில் இன்னொரு வேதனை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், எண்பதை நெருங்குபவர், இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு மாதக்கணக்காகப் பணம் வராமல் எனக்குப் போன் செய்தார். "உன்மேல் தப்பில்லைம்மா, ஆனா யாரைக் கேட்கறதுன்னு தெரியல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விசாரித்தால், அவர் கொடுத்த காசோலை சிண்டிகேட் வங்கியினுடையது. அந்த வங்கி 2020 ஏப்ரலிலேயே கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது, பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணுக்குப் போன பணம் திரும்பி வந்து கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பான் அட்டையும் இதே கதைதான். ஆதாரோடு இணைக்காவிட்டால் பான் செயலிழந்துவிடும், 10 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டுக்கு 30,000 ரூபாய் தாண்டினால்தான் அப்போது பிடித்தம். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 50,000. அடிக்கடி வகுப்பு எடுப்பவர்கள் எளிதில் தாண்டிவிடுவார்கள். ஆகவே முதல் போனிலேயே தொகை எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, சராசரியாக எப்போது வரும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். சம்மதக் கடிதத்தோடு பான் நகல், புதிய காசோலை நகல் இரண்டையும் வாங்கிய பிறகே அழைப்புக் கடிதம் அடியுங்கள். மதிப்பூதியப் பட்டியல் (பில்) கருவூலத்துக்குப் போன பிறகு வாரம் ஒருமுறை கணக்குப் பிரிவில் நேரில் கேளுங்கள். மார்ச் மாத வகுப்புகளுக்கு மாத நடுவிலேயே பட்டியல் போட்டுவிடுங்கள். 31ஆம் தேதிக்குப் பிறகு ஒதுக்கீடு காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து அனுமதி வாங்க வேண்டிவரும்.

பதினோரு மாதம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஏஜென்சி மாறிவிட்டது என்றார்கள். அப்போது பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தால் கடைசி நான்கு மாதத் தொகை ஏறவே இல்லை. சம்பளத்தில் பிடித்தது மட்டும் ஒழுங்காகப் பிடித்திருந்தார்கள். வருங்கால வைப்பு நிதியின் இணையதளத்தில் குறைதீர்ப்புப் பகுதியில் சம்பளச் சீட்டுகளை இணைத்துப் புகார் போட்டேன். கொஞ்சம் இழுத்தடித்தாலும் பணம் ஏறியது. அரசின் உமங் செயலியில் மாதாமாதம் பி.எஃப். பாஸ்புக் பாருங்கள். நான்கு மாதம் காத்திருக்க வேண்டாம், ஒரு மாதம் விட்டுப்போனாலே கேளுங்கள்.

அப்புறம் அனுபவச் சான்றிதழ். ஏஜென்சி கொடுத்ததில் "டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்" என்றுதான் இருந்தது. துணை இயக்குநர் ஐயாவைப் பார்த்து, நான் செய்த வேலைகளைப் பட்டியலிட்டு எழுதிக் கொடுத்தேன்: பயிற்றுநர் தேர்வுக்கான விண்ணப்பங்கள் பரிசீலனை, ஒப்பீட்டுப் பட்டியல், மாதிரி வகுப்பு ஏற்பாடு, மதிப்பூதியப் பட்டியல்கள். அவர் படித்துப் பார்த்து, நிறுவன முத்திரையோடு தனியாக ஒரு சான்று கொடுத்தார். என் கோப்பில் இருந்த முதல் வார சுருக்கொப்பத்தைக் காட்டித்தான் அதையும் வாங்க முடிந்தது. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். நேர்காணலில் அந்தச் சான்றைத்தான் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அயல்பணியில் வந்த அதிகாரிகளுக்கு எப்போது வேண்டுமானாலும் மாறுதல் வரும், உங்கள் வேலையைப் பார்த்தவர் போய்விட்டால் புதிதாக வந்தவர் கையெழுத்துப் போட மாட்டார்.